சூரியனில் இல்லாத புள்ளி

அந்த வாரம் ஊர் முழுக்கச் சூரியனைப் பற்றியே பேச்சாக இருந்தது. மற்ற நாட்களில் "என்னா வெயில்!" என்பதோடு முடிந்துபோகிற பேச்சு இப்போது நீண்டுகொண்டே போனது. சூரியனில் பெரிய பெரிய கரும்புள்ளிகள் வந்திருக்கின்றனவாம். அவை பூமிக்கு நேராகத் திரும்பும்போது அங்கிருந்து ஒரு புயல் கிளம்புமாம். காற்றும் இல்லை, மழையும் இல்லை, கண்ணுக்கே தெரியாத புயல். ஆனால் வந்தால் மின்சாரம் படுத்துவிடும், கைப்பேசி செத்துவிடும், வங்கியில் யார் பணம் யாருடையது என்றே தெரியாமல் போய்விடும் என்றார்கள். வியாழக்கிழமை என்று நாளும் குறித்தாகிவிட்டது. கடைகளில் மெழுகுவத்தி தீர்ந்துபோனது.

பஸ் டிரைவர் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குப் பயணிகள் வைத்திருந்த பெயர் 'நிதானம்'. அவர் பிரேக் போட்டால், கையில் குழந்தையோடு நிற்கிறவர்கள்கூடக் கம்பியைத் தேட வேண்டியதில்லை. "நிதானம் வண்டி வரட்டும்" என்று முன்னால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அவசரமாக வேலைக்குப் போகிறவர்களும் அதே பெயரைத்தான் சொல்வார்கள், தொனிதான் வேறு.

அவருடைய கண்டக்டருக்குப் பெயர் 'ரேடியோ'. எந்தச் செய்தியும் அவன் வாய்க்குள் போய் இரண்டு மடங்காகித்தான் வெளியே வரும்.

"அண்ணே, அந்தப் புள்ளியில ஒண்ணு நம்ம பூமியைவிடப் பெரிசாம்ணே. பூமியைத் தூக்கி உள்ள போட்டா காணாமப் போயிருமாம்."

"பூமியை யாருடா அங்க கொண்டுபோய்ப் போடப்போறா?"

"பேச்சுக்குச் சொன்னேன்ணே. உங்ககிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லி ஆச்சரியப்பட வைக்க முடியுதா பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் இறங்கியபோது, எதிரே இருந்த சதுக்கத்தில் ஒரு நீண்ட வரிசை நின்றது. அங்கே மாடியில் மருத்துவமனை வைத்திருந்த பல் டாக்டரம்மா மூன்று கால் தாங்கியில் ஒரு டெலஸ்கோப்பை நிறுத்தியிருந்தார். அதன் வாயில் வெள்ளி நிறத்தில் ஒரு மூடி. அது வழியாகப் பார்த்தால் சூரியன் கண்ணைச் சுடாதாம். வருகிறவர்களிடம் எல்லாம், "வெறும் கண்ணால மட்டும் பாக்காதீங்க, எவ்வளவு கறுப்புக் கண்ணாடி போட்டாலும் பாக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"பல் டாக்டர்கிட்ட ஊரே வலி இல்லாம வரிசையில நிக்கிறதை இப்பத்தான்ணே பாக்கறேன்" என்றான் ரேடியோ. வேண்டாம் வேண்டாம் என்ற டிரைவரை இழுத்துக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்தியதும் அவன்தான். அவன் முதலில் பார்த்தான். "அட! மிளகு தூவுன மாதிரி ஓரத்துல மூணு" என்று வாயைப் பிளந்துகொண்டு விலகினான்.

டிரைவர் குனிந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணைக் குழாயில் வைத்தார்.

ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. தினமும் முகத்தில் அறைகிற அந்த நெருப்பா இது என்று இருந்தது. சாந்தமாக, வட்டமாக, சுவரில் மாட்டிய தட்டு மாதிரி இருந்தது. நடுவில், எண்ணெய்க் கையால் கண்ணாடியைத் தொட்டது போல, பெரிதாக ஒரு சாம்பல் நிற மங்கல்.

"அம்மாடி! நடுவுல எவ்ளோ பெரிசா இருக்கு!"

"நடுவுலயா?" என்றார் டாக்டரம்மா. "நடுவுல ஒண்ணும் இல்லையே. ஓரத்துலதான் சின்னதா தெரியும்."

"இல்லைங்க, நல்லாத் தெரியுது. ஒரு பக்கம் வட்டம்கூடக் கொஞ்சம் நசுங்கின மாதிரி இருக்கு."

"அண்ணனுக்கு மட்டும் சூரியன் ஸ்பெஷலா காட்டுதுடா!" என்று ரேடியோ சொல்ல, வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா தானே ஒரு தடவை பார்த்தார். கண் வைக்கிற கண்ணாடியைத் துணியால் துடைத்தார். "இப்பப் பாருங்க. நடுவைப் பாக்காம ஓரத்தைப் பாருங்க."

அவர் ஓரத்தைப் பார்த்தார். மங்கலும் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. மேலே பார்த்தால் மேலே. அவர் பார்வை போகிற இடமெல்லாம் அது கூடவே போனது.

"கூடவே வருதுங்க."

டாக்டரம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "இன்னொரு கண்ணால பாருங்க."

இடது கண்ணுக்குச் சூரியன் சுத்தமாக இருந்தது. ஓரத்தில் மூன்று மிளகுகள்.

அவர் நிமிர்ந்தபோது டாக்டரம்மா அவர் பக்கத்தில் வந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னார்: "அது சூரியன்ல இல்லைங்க. உங்க கண்ணுல இருக்கு. நான் பல்லைப் பாக்கறவ, இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது. கண் டாக்டர்கிட்ட சீக்கிரமா காட்டிடுங்க. தள்ளிப் போடாதீங்க. நீங்க என்ன வேலை…" என்று ஆரம்பித்தவர், அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வண்டியை எடுத்தபோது எல்லாம் வழக்கம் போலத்தான் தெரிந்தது. சாலை, சைக்கிள், கடைப் பலகை எதிலும் குறை இல்லை. முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது இடது கண்ணை மூடிப் பார்த்தார். விளக்குக் கம்பம் இருந்தது. விளக்கு கலங்கி, சாம்பலுக்குள் போய்விட்டது. கண்ணைத் திறந்தார், விளக்கு வந்துவிட்டது. அடுத்த விளக்கிலும் அதையே செய்தார். அதற்கடுத்ததிலும். ரெண்டு கண்ணும் திறந்திருந்தா எல்லாம் தெரியுதே, அப்புறம் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

மாலையில் மனைவியின் கடைக்குப் போனார். அவள் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். இரண்டு இயந்திரமும் ஒரு கணினியும் வைத்தால் நிரம்பிவிடுகிற கடை. அதன் வாசலில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு கைப்பேசி திறக்குமோ திறக்காதோ என்று, உள்ளே இருப்பதையெல்லாம் தாளில் எடுத்து வைத்துக்கொள்ள வந்திருந்தார்கள். சிலர் உறவினர்களின் எண்கள், சிலர் சான்றிதழ்கள். ஒரு பெண் தன் பூனையின் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

கூட்டம் குறைந்ததும் மனைவி நாற்காலியில் சாய்ந்தாள். "இன்னிக்கு ஒருத்தர் வந்தார்ங்க. குரலை பிரிண்ட் எடுத்துத் தர முடியுமான்னு கேட்டார்."

"குரலையா?"

"அவர் தங்கச்சி பேசி அனுப்பினதாம். அந்தப் பொண்ணு இப்ப இல்லை. முடியாதுங்கன்னு எப்படிச் சொல்றது? போனைக் காதுல வச்சுக் கேட்டுக் கேட்டு டைப் அடிச்சேன். பெரிசா ஒண்ணும் இல்லை. சாப்டியா, மழை வருது குடை எடுத்துட்டுப் போ, அவ்ளோதான். நடுவுல அவ இருமினதைக்கூட எழுதச் சொன்னார். எழுதினேன்."

டிரைவர் மேசை மேல் கிடந்த ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கோடுகள் நடுவில் வந்ததும் நனைந்த கயிறு மாதிரி தொய்ந்துபோயின.

"என்னங்க, கணக்குப் பரீட்சையா?" என்று சிரித்த மனைவி, அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அவர் சொன்னார். அவள் அந்தத் தாளை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"நாளைக்குக் காலையில போறோம்."

"இந்த வாரம் லீவு கிடைக்காது. புயல் பயத்துல பாதிப்பேர் ஏற்கனவே லீவு. ரெண்டு கண்ணும் சேர்ந்தா நல்லாத்தான் தெரியுது."

"ரெண்டு கண்ணும் சேர்ந்து எங்க? ஒரு கண்ணு பாக்குது, இன்னொண்ணு கூட உக்காந்திருக்கு."

"சும்மா இரு. வியாழன் தாண்டட்டும், பாத்துக்கலாம்."

அவர் அவளிடம் குரலை உயர்த்துவது அபூர்வம். அவள் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கடையைப் பூட்டினாள். கண் போய்விடும் என்பதைவிட, ஸ்டியரிங்கை விட்டு இறங்கினால் அப்புறம் தான் யார் என்பதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவருக்கென்று ஒரு பெயர் கிடைத்தது அந்த இருக்கையில்தான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் ஓட்டினார். வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். "நிதானம் இப்ப நடைபாதையில வர்றவனுக்குப் போட்டியா?" என்று ஒரு பயணி கேட்டதற்கு எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். கண்கொத்திப் பாம்பு மாதிரி சாலையைப் பார்த்துப் பார்த்து, மாலையில் கழுத்தே பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை பிற்பகல். ஒரு நிறுத்தத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஜன்னல் வழியாக ஏதோ ஒரு சின்னப் பூச்சி இடது கண்ணுக்குள் விழுந்தது. கண் தானாக மூடி, தண்ணீர் கொட்டியது. எதிரே ஒரு பெண் சாலையில் இறங்கினாள். இரண்டு கையிலும் பைகள் தெரிந்தன. கால்கள் தெரிந்தன. அவர் முகத்தைப் பார்த்தார். தலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கலங்கல்தான் இருந்தது. அவள் இந்தப் பக்கம் பார்க்கிறாளா, வண்டி வருவதை அறிந்தாளா, ஒன்றும் தெரியவில்லை. பார்வையை இறக்கினார். இப்போது பைகள் போய்விட்டன.

அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். இடது கண்ணைக் கசக்கினார், பூச்சி வெளியே வந்துவிட்டது, தெரு மறுபடி முழுதாக வந்தது. நடந்தது வண்டியில் ஒருவருக்கும் தெரியாது.

நிறுத்தம்வரை போய், ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்தார்.

"என்னண்ணே? மயக்கமா?" ரேடியோ ஓடி வந்தான்.

"நான் இனி ஓட்டலைடா. டிப்போவுக்குப் போன் போடு. வேற ஆளை அனுப்பச் சொல்லு."

"கண்ணா?" என்றான் ரேடியோ மெல்ல. சதுக்கத்தில் சிரித்தவனுக்கு அது அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். பின்னாலிருந்து "என்னப்பா, வண்டி ஏன் நின்னுடுச்சு?" என்று குரல்கள் கிளம்பின. ரேடியோ ஒரு நொடி டிரைவரைப் பார்த்தான். பிறகு திரும்பி, கையைத் தூக்கி, தெளிவான குரலில் அறிவித்தான்: "சூரியப் புயல்ங்க! இன்ஜின்ல இருக்கிற கம்ப்யூட்டர் வேலை செய்யலை. அடுத்த வண்டியில ஏத்தி விடறோம், யாரும் கவலைப்பட வேண்டாம்."

ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை.

"வியாழக்கிழமைன்னுதானே சொன்னாங்க?"

"முன்கூட்டியே வந்துடுச்சு போல."

"அதான் காலையிலேர்ந்து எனக்கு டவரே சரியில்லை!"

"என் கைக்கடிகாரம்கூட ரெண்டு நிமிஷம் பின்னால போகுது, பாருங்க."

தினமும் அதே வண்டியில் ஒருவரையொருவர் பார்க்காமல் போய்வந்தவர்கள், இப்போது சீட்டுக்குச் சீட்டு திரும்பிப் பேசிக்கொண்டார்கள். பயம் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் ஒரு குதூகலமும் இருந்ததை டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பல நாளாக எதிர்பார்த்த விருந்தாளி கதவைத் தட்டிய மாதிரி. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். பழி சூரியன் மேல் போய்விடும்.

அவர் இருக்கையை விட்டு எழுந்து நடைவழியில் வந்து நின்றார்.

"புயல் எல்லாம் இல்லைங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்கு வலது கண்ணு சரியாத் தெரியலை. அதான் நிறுத்திட்டேன்."

பேச்சு சட்டென்று அறுந்தது. முன் சீட்டில் மகளை மடியில் வைத்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "எப்பலேர்ந்து தெரியலை?"

"எனக்குத் தெரிய வந்தது ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமைலேர்ந்து எங்களை ஏத்திக்கிட்டுத்தான் ஓட்டினீங்களா?"

"ஆமாங்க."

அவள் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறங்கினார்கள். ஒரு பெரியவர் மட்டும் போகிற போக்கில் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். "புயல்னாகூடப் பரவாயில்லை" என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது.

காலி வண்டியில் ரேடியோவின் முகத்தில் ஈயாடவில்லை. "ஏண்ணே, நான்தான் சமாளிச்சுட்டேனே?"

"சமாளிச்சடா. நாளைக்கு யார் மேல போடுவ?" என்றார் டிரைவர். பிறகு, "உன் மேல கோபம் இல்லை" என்றும் சொன்னார்.

அன்று மாலையே மனைவியோடு போனபோது, கண் டாக்டரின் அறைக்கு வெளியே ஒரே கறுப்புக் கண்ணாடியாக இருந்தது. புள்ளி பார்க்கிறேன் என்று வெறும் கண்ணால் சூரியனை வெறித்தவர்கள். டாக்டருக்கு அலுத்துப்போயிருந்தது. "நீங்களும் பாத்தீங்களா?"

"டெலஸ்கோப்ல பாத்தேன். மூடி போட்டிருந்தது."

டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, படமெடுத்து, நீண்ட நேரம் பார்த்தார். "இது சூரியனால வந்தது இல்லை. கண்ணுக்குள்ள பின்னால ஒரு திரை இருக்கு. அதுக்கு அடியில தண்ணி கோத்திருக்கு. சுவர்ல ஈரம் ஏறினா பெயிண்ட் உப்பிக்கிட்டு நிக்குமே, அந்த மாதிரி. இன்னொரு கண்ணு இதை மூடி மறைச்சிருக்கு. ஒரு கண்ணை மூடிப் பாக்கிற வேலை வரலைன்னா உங்களுக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது."

"சரியாயிடுமா டாக்டர்?" மனைவிதான் கேட்டாள்.

"நிறையப் பேருக்குத் தானாவே வத்திடும். மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது. கவலை, தூக்கக் குறைவு இருந்தா இது வரும். தூக்கம் எப்படி? மனசுல ஏதாவது கவலை?"

"அதெல்லாம் ஒண்ணும்…" என்று டிரைவர் ஆரம்பித்தார்.

"இவர் நல்லாத் தூங்கி வருஷமாகுது டாக்டர்" என்றாள் மனைவி. "ராத்திரியெல்லாம் கால் பிரேக்கை மிதிக்குது."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். இது அவருக்கே தெரியாத செய்தி.

டிப்போ மேலாளர் முதலில் சத்தம் போட்டார், பிறகு பஸ் நிலைய விசாரணை ஜன்னலில் உட்காரச் சொன்னார். அப்படியாக ஊரே காத்திருந்த வியாழக்கிழமை அவருக்கு ஒரு கம்பி ஜன்னலுக்குப் பின்னால் விடிந்தது. அன்று வந்தவர்களில் பாதிப்பேர் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை.

"புயல் எத்தனை மணிக்குங்க?"

"பஸ் வர்ற நேரமே எங்களுக்குச் சரியாத் தெரியாது. சூரியன்லேர்ந்து வர்றதைக் கேக்கறீங்களே!"

"சரி, பஸ் ஓடுமா?"

"ஓடும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சொல்ல நான் யாருங்க? ஓடும்னு நினைச்சுத்தான் இங்க உக்காந்திருக்கேன்."

புயல் வரத்தான் செய்தது. சில இடங்களில் வானொலி கொஞ்ச நேரம் கரகரத்ததாம். எங்கோ தூரத்துக் குளிர் நாடுகளில் வானம் பச்சையும் சிவப்புமாக மின்னியதாம். அந்தப் படங்களை எல்லோரும் கைப்பேசியில்தான் பார்த்தார்கள். விளக்கு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. மறுநாள் ஜன்னலுக்கு வந்தவர்கள் முகத்தில் நிம்மதி இருந்தது. கூடவே கொஞ்சம் ஏமாற்றமும். அவர்களைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்கு மேல் தினமும் இருப்பதை அவர்கள் ஒரு வாரம் நிமிர்ந்து பார்த்திருந்தார்கள். இனி பழையபடி கால் விரலைப் பார்த்து நடக்க வேண்டும்.

அன்று மாலை கடையில், பிரிண்ட் எடுத்த தாள்களை வாங்கப் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்கள் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டு போனார்கள். தங்கையின் குரலை எழுதி வாங்கியவர் இன்னொரு பிரதிக்காக வந்தார்.

"உங்க போன்தான் நல்லா இருக்கே, குரலையே கேக்கலாமே?" என்றார் டிரைவர்.

"கேக்கறேங்க. ஆனா அவ இருமினதை எழுத்துல பாத்தப்புறம்தான், அப்ப அவளுக்கு உடம்பு சரியில்லாம இருந்ததே எனக்கு உறைச்சுது." அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கணவனும் மனைவியும் அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வலது கண்ணின் மங்கல் வற்ற மாதங்கள் ஆயின. முதலில் ஓரம் கரைந்தது, பிறகு நடு வெளுத்தது. சிவப்பு மட்டும் அந்தக் கண்ணுக்கு ஒரு சலவை கூடுதலாகப் போட்ட சிவப்பாகவே நின்றுவிட்டது. ஓட்டுவதற்கு அது தடையில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். டிப்போவிலும் ஒரு சோதனை வைத்தார்கள். பழைய தடம் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. ஊருக்கு வெளியே, மேட்டுப் பக்கம் போகிற தடத்தைக் கொடுத்தார்கள். ரேடியோவும் கூட இல்லை.

அந்தத் தடத்தில் வண்டியை எடுப்பதற்கு முந்தின நாள், மனைவி கடையை மூடிவிட்டு வந்தாள். இருவரும் அந்தப் பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வளைவுகளையும் பள்ளங்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி நிறுத்தத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், நேரம் குறிப்பவரின் தகரக் கூண்டும் மட்டும் இருந்தன. வண்டி நின்றதும் எங்கிருந்தோ ஒரு பழுப்பு நாய் வந்து, முன் சக்கரத்துக்கு அடியில் நிழலில் சுருண்டு படுத்தது.

"நாளைலேர்ந்து நீங்களா?" என்றார் நேரம் குறிப்பவர். "வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாத்துடுங்க. இது தினமும் அங்கதான் படுக்கும். 'போடா'ன்னா போயிடும்."

டிரைவர் முட்டியில் கையூன்றிக் குனிந்தார். நாய் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது.

"போடா" என்றார்.

அது நகரவில்லை. மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.